முள் சொன்னதும் கல் சொன்னதும்

தோவாளைச் சந்தைக்கு விடியல் ராத்திரி பன்னிரண்டு மணிக்கே வந்துவிடும். ஊர் உறங்கிக் கிடக்க, மஞ்சள் பல்புகளின் கீழே கடவம் கடவமாகப் பூ வந்து இறங்கும். பிச்சி, அரளி, சம்பங்கி, கோழிக்கொண்டை, வாடாமல்லி, கிரேந்தி. பிச்சி எங்கள் மண்ணின் பூ. மல்லி மதுரைப் பக்கமிருந்து ஈரச்சாக்கில் பயணப்பட்டு வரும். ஆவணியில் அத்தம் பிறந்துவிட்டால் பத்து நாளும் சந்தைக்குக் கண் மூடாது. மலையாளக் கரையில் வீட்டுக்கு வீடு முற்றத்தில் பூக்களம் போட வேண்டுமே. ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கி வீசும் காற்று அந்த மாதத்தில் சந்தைக்குள் புகுந்து, உதிர்ந்த இதழ்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போய் எதிர்ச்சுவரில் அப்பும். அந்தச் சுவரை நான் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடுவேன்.

அப்பா பூ வண்டி ஓட்டினார். சொந்த வண்டி இல்லை, முதலாளியின் மெட்டடார் வேன். தோவாளையில் ஏற்றி, திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் இறக்க வேண்டும். சாலை என்றால் ரோடு என்று நினைத்துவிடக் கூடாது. திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாசன் உண்டாக்கிய பழைய கடைத்தெருவுக்கு அங்கே சாலை என்றுதான் பெயர். 80 கிலோமீட்டர், ஒன்றிரண்டு முன்பின் இருக்கும். மூன்று மணிக்கு வண்டி எடுத்தால் ஆறு மணிக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். ஆறு மணிக்குப் போகும் பூவுக்கு ஒரு விலை, ஏழு மணிக்குப் போகும் பூவுக்கு வேறு விலை. பூ அதேதான், பறித்த கை அதேதான். ஒரு மணி நேரத்தில் அதன் விலை பாதியாய்ப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

1986 ஆவணியில் அம்மா தம்பியைப் பெறுவதற்காகப் பாட்டி வீட்டில் இருந்தாள். எனக்குப் பதினொரு வயது. வெள்ளி, சனி ராத்திரிகளில் என்னைத் தனியே வீட்டில் விட அப்பாவுக்கு மனம் வரவில்லை. "வாறியா மக்ளே, வண்டியில உறங்கிக்கிடலாம்" என்று கூட்டிக்கொண்டு போனார். டிரைவர் சீட்டுக்கும் கிளீனர் சீட்டுக்கும் நடுவே, என்ஜின் சூடு ஏறி வரும் இடத்தில், சாக்கை நாலாய் மடித்து எனக்கு ஓர் ஆசனம். முன்னால் கண்ணாடி, அதற்கு அப்பால் வெளிச்சம் விழுந்த அளவுக்கு ரோடு, பின்னால் ஒரு வண்டி நிறையப் பூவாசம். யாருக்கு உறக்கம் வரும்?

அப்பாவின் கைகளுக்கு நடுவே வட்டமாக ஒரு மீட்டர். அதில் ஒரு முள். 0, 20, 40, 60 என்று எண்கள். முள் ஒருபோதும் அடங்கி நிற்காது, பயந்த பிள்ளையின் கைபோல நடுங்கிக்கொண்டே ஏறும், நடுங்கிக்கொண்டே இறங்கும். வெள்ளமடத்தைத் தாண்டி நேரான இடம் வந்ததும் அது 60-ஐத் தொட்டது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அறுபதில் போகிறோம்! அப்படியானால் 80 கிலோமீட்டருக்கு ஒரு மணி இருபது நிமிடம். நாலு இருபதுக்கெல்லாம் திருவனந்தபுரம். கணக்கில் நான் கெட்டி. கணக்கு டீச்சர் என்னைத்தான் போர்டுக்குக் கூப்பிடுவார்.

போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து நாற்பது.

நான் அப்பாவின் வாட்சைத் திரும்பவும் திரும்பவும் பார்த்தேன். கை முறுக்கு எச்.எம்.டி., முட்களில் பச்சையாய் ரேடியம் மினுங்கும். மூன்று மணி முதல் ஐந்து நாற்பது வரை இரண்டு மணி நாற்பது நிமிடம். 80 கிலோமீட்டர். அப்படியென்றால் மணிக்கு 30 கிலோமீட்டர். அறுபதைக் காட்டிய முள் என்னை ஏமாற்றிவிட்டது என்று அழுகையே வந்தது.

"முள்ளு பொய் சொல்லுகு அப்பா."

அவர் சிரிக்கவில்லை. பிள்ளைகள் கேட்பதை அவர் ஒருநாளும் சிரித்துத் தள்ளியதில்லை. பூ இறங்கி, கிளீனர் அண்ணன் தார்ப்பாயை மடிக்கும்வரை யோசித்திருந்துவிட்டுச் சொன்னார். "முள்ளு இப்ப உள்ளதத்தான் சொல்லும் மக்ளே. வந்தது எல்லாத்தையும் சேத்துச் சொல்லணும்னா கல்லுட்டயும் வாட்சுட்டயும்லா கேக்கணும்."

திரும்பி வரும்போது கற்களைக் காட்டினார். தேசிய நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கல்லுக்குத் தலை மஞ்சள். அப்போது அந்த ரோட்டுக்கு எண் 47. சேலத்திலிருந்து புறப்பட்டு, மலையாளக் கரை வழியாகச் சுற்றி, எங்கள் குமரியில் வந்து முடியும் ரோடு. கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் 2, 4, 6, 8 என்று எழுதிய குட்டிக் கற்கள் நிற்கும், 200 மீட்டருக்கு ஒன்று. இத்தனை நாள் அவற்றை நான் கண்டிருக்கிறேன், கவனித்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை நான் நோட்டும் பென்சிலுமாக ஏறினேன். ஊர், மணி, கல்லில் உள்ள எண் என்று மூன்று கோடுகள் போட்டு வைத்திருந்தேன். ஒழுகினசேரிப் பாலம், வடசேரி, வெட்டூர்ணிமடம், பார்வதிபுரம். பானை செய்கிறவர்களின் சுங்கான்கடையில் ஏற்றம். வில்லுக்குறி. புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருட்டுக்குள் இன்னொரு இருட்டாக நின்றது. தக்கலை, அழகியமண்டபம், சுவாமியார்மடம், மார்த்தாண்டம். குழித்துறைப் பாலத்தில் வண்டியின் சத்தம் மாறும், கீழே தாமிரபரணி ஆறு. படந்தாலுமூடு தாண்டிக் களியக்காவிளை செக்போஸ்ட்.

செக்போஸ்டில் எங்களுக்கு முன்னால் பதினேழு வண்டி. வாழைக்குலை, மரச்சீனி, செங்கல், மாடு. அப்பா என்ஜினை அணைத்தார். முள் பூஜ்யத்தில் கிடந்தது. அப்போதுதான் அதன் நடுக்கம் நின்று நான் பார்த்தேன். வாட்சில் மட்டும் நொடிமுள் நடந்துகொண்டே இருந்தது.

"இதையும் எழுதணுமா அப்பா? நிக்குறோமே."

"நிக்கதையும் எழுதணும். பூ நிக்கல்லா வாடுகு?"

அந்த ஒரு பதிலில் எனக்கு வழி திறந்தது. சராசரி என்பதைப் பள்ளிக்கூடத்தில் ஐந்து மார்க்கைக் கூட்டி ஐந்தால் வகுப்பது என்றுதான் படித்திருந்தேன். வண்டியின் சராசரிக்குள் நின்ற நேரம் இருக்கிறது, டீ குடித்த நேரம் இருக்கிறது, தக்கலை வளைவில் எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கிக் கொடுத்த நேரம் இருக்கிறது. போன தூரத்தை, அதற்கு ஆன மொத்த நேரத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். எந்த நேரத்தையும் விட்டுவிட முடியாது. நேரான ரோட்டில் அறுபது காட்டிய முள் பொய் சொல்லவில்லை. அது அந்த இடத்துக்கு மட்டும் உள்ள உண்மையைச் சொல்லியிருக்கிறது. வழி முழுவதற்குமான உண்மை என்று அதை எடுத்துக்கொண்டது நான்.

பிறகு எங்களுக்குள் ஒரு விளையாட்டு பிறந்தது. அப்பா தோளில் கிடக்கும் துவர்த்தை எடுத்து மீட்டர்மேல் போட்டு மூடிவிடுவார். வாட்ச் என் கையில் வரும். ஒரு கிலோமீட்டர் கல்லில் தொடங்கி அடுத்த கல் வரும்வரை நொடிகளை எண்ண வேண்டும். 60 நொடி ஆனால் வேகம் 60. 72 நொடி என்றால் 50. 90 என்றால் 40. 3600-ஐ நொடியால் வகுத்தால் போதும். சொன்னதும் துவர்த்தை விலக்கிப் பார்ப்போம். நான் 45 என்று சொல்லியிருப்பேன். முள் 55-இல் நடுங்கிக்கொண்டிருக்கும்.

"கணக்கு தப்பில்ல மக்ளே. அந்தக் கல்லுல இருந்து இந்தக் கல்லுக்குள்ள எடையில மாட்டு வண்டிக்காக சவுட்டுனேம்லா, அது உன் கணக்குல கெடக்கு. முள்ளுக்கு அது தெரியாது. அது மறந்துபோச்சு."

முள்ளுக்கு நினைவு கிடையாது. இதை நான் நோட்டில் எழுதி வைத்தேன். வேகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த வரியில் இருந்து முளைத்ததுதான்.

அப்படியானால் கல் முள்ளோடு ஒத்துப்போக என்ன வழி? இடைவெளியைக் குறைக்க வேண்டும். குட்டிக் கற்களுக்கு வந்தேன். 200 மீட்டர் ஓட 12 நொடி என்றால் 60, 18 நொடி என்றால் 40. இதற்கு 720-ஐ வகுக்க வேண்டும். இப்போது நான் சொல்வதும் முள் காட்டுவதும் மிகவும் நெருங்கி வந்தன. 200 மீட்டருக்குள் அப்பா வேகத்தை மாற்ற வாய்ப்புக் குறைவு அல்லவா? இன்னும் குறைப்போம் என்று தந்திக் கம்பங்களுக்குப் போனேன். அங்கேதான் அடி விழுந்தது. கம்பத்துக்குக் கம்பம் மூன்று நான்கு நொடிதான். நொடிமுள்ளை நான் அரை நொடி பிசகிப் பார்த்தால் விடை பத்துப் பன்னிரண்டு தள்ளிப் போகிறது. 200 மீட்டரிலேயே 12 நொடியை 13 என்று எண்ணிவிட்டால் 60 என்பது 55 ஆகிவிடும். இடைவெளி பெரிதாக இருந்தால் நடுவில் நடந்தவை எல்லாம் கலந்துவிடுகின்றன. சிறிதாக்கினால் என் கண்ணும் வாட்சும் போதவில்லை. 'இந்தக் கணம்' என்று ஒன்றைப் பிடிக்கப் பிடிக்க அது விரலிடுக்கில் நழுவியது. ஒரு கணத்துக்குள் வண்டி எவ்வளவு தூரம்தான் போகும்? ஒன்றும் போகாது. எவ்வளவு நேரம் ஆகும்? ஒன்றும் ஆகாது. ஒன்றுமில்லாததை ஒன்றுமில்லாததால் எப்படி வகுப்பது? ஆனாலும் முள் ஏதோ ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டுதானே இருக்கிறது?

அதைக் கேட்டதற்கு அப்பாவிடம் பதில் இல்லை. அவர் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர். "எனக்குத் தெரியாது மக்ளே. கழத்திப் பாப்போம்" என்றார்.

வடசேரி ஒர்க்‌ஷாப்பில் அந்த மீட்டரைக் கழற்றியது ஒரு மதிய நேரம். நடுக்கத்துக்குக் காரணம் கேபிளில் எண்ணெய் வற்றிப்போனதுதான் என்றார் மெக்கானிக் அண்ணாச்சி. கியர்பாக்ஸிலிருந்து மீட்டர் வரைக்கும் ஒரு நீண்ட உறை, அதற்குள் முறுக்குக் கம்பி. சக்கரம் சுழலச் சுழல அந்தக் கம்பியும் சுழலும். கம்பியின் நுனியில் ஒரு காந்தம். காந்தத்தைத் தொடாமல் அதைக் கவிந்தபடி ஒரு அலுமினியக் கிண்ணம். கிண்ணத்தின் அச்சில்தான் முள். அதைப் பின்னுக்கு இழுக்க வாட்சில் இருப்பதுபோல மெல்லிய சுருள்வில். அண்ணாச்சி கேபிளை விரலால் திருகினார். எதுவும் எதையும் தொடவில்லை, முள் மட்டும் எழுந்தது. நான் திருகினேன். வேகமாகத் திருகினால் 30, 40. நிறுத்தியதும் சுருள்வில் அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

சுழலும் காந்தம் அலுமினியத்துக்குள் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்புகிறது, அந்த மின்னோட்டம் கிண்ணத்தைக் காந்தத்தின் பின்னால் இழுத்துக்கொண்டு ஓடப் பார்க்கிறது, வில் பிடித்து நிறுத்துகிறது என்பதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை. இந்த அமைப்புக்கு 1902-இல் காப்புரிமை வாங்கியவர் ஓட்டோ ஷூல்ட்ஸே என்ற ஜெர்மானியர். அன்றைக்கு எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்று. முள் தூரத்தை அளக்கவில்லை, நேரத்தையும் பார்க்கவில்லை, எதையும் வகுக்கவில்லை. சக்கரம் இப்போது எவ்வளவு முடுக்காகச் சுற்றுகிறது என்பதை ஓர் இழுப்பாக உணர்ந்து, அந்த இழுப்பைக் காட்டுகிறது. நான் கணக்குப் போட்டுப் பிடிக்க முடியாமல் திணறியதை அலுமினியக் கிண்ணம் தொடாமலே உணர்ந்துகொள்கிறது. அதே கேபிளின் சுழற்சியைப் பல்சக்கரங்களால் எண்ணி எண்ணி, கீழே உள்ள சின்னச் சன்னலில் மொத்தக் கிலோமீட்டரும் ஏறிக்கொண்டிருந்தது. ஒரே கம்பியில் இருந்து மறதியுள்ள முள்ளும், எதையும் மறக்காத எண்களும்.

இந்தச் சிக்கல் பழையது என்று அறிந்தபோது எனக்குப் பெரிய ஆறுதல். 1150-இல் சித்தாந்த சிரோமணி எழுதிய பாஸ்கராச்சாரியர் இதே இடத்தில் நின்றிருக்கிறார். சந்திரன் ஒருநாள் முழுக்க நகர்ந்த தூரத்தைக் கொண்டு, திதி எப்போது முடியும் என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. அதன் நடை கணத்துக்குக் கணம் மாறுகிறது. ஆகவே அந்தக் கணத்து வேகம் வேண்டும் என்று சொல்லி, அதைத் தாற்காலிக கதி என்று குறிப்பிட்டார். பஞ்சாங்கம் கணிக்கிறவர்களுக்கும் பூ வண்டிக்காரர் மகளுக்கும் ஒரே கேள்வி.

இனி அந்த ராத்திரியைச் சொல்ல வேண்டும். உத்திராடத்துக்கு முந்தைய நாள். ஓணத்துக்கு உச்ச வியாபாரம். வண்டி மேற்கூரை முட்டப் பூ. மூன்று மணிக்குத்தான் எடுத்தோம். பார்வதிபுரத்தில் தூறல், வில்லுக்குறியில் மழை, தக்கலை தாண்டியதும் முன்னால் வரிசையாகச் சிவப்பு விளக்குகள். ரோட்டுக்குக் குறுக்கே ஒரு புளியமரம் சாய்ந்து கிடந்தது. வெட்டுக்கத்தியும் கோடாலியுமாக ஊர்க்காரர்கள் மழையில் நின்று வெட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் கிளீனர் அண்ணனும் இறங்கிப்போய்க் கிளைகளை இழுத்தார்கள். நான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தபடி இருந்தேன். பின்னால் பூ ஒரு சத்தமும் இல்லாமல் வெந்துகொண்டிருப்பதாகத் தோன்றியது. அடைசலில் பூ சூடேறும். கை வைத்தால் தெரியும்.

மார்த்தாண்டம் வந்தபோது வாட்சில் ஐந்து நாற்பது. மார்த்தாண்டம் எங்களுக்குப் பாதி வழி, 40 கிலோமீட்டர்.

நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே கிளீனர் அண்ணன் கணக்குப் போட்டார். "அண்ணாச்சி, எப்பவும் சராசரி முப்பதுலதான போவோம். இதுவரை பதினஞ்சுல வந்திருக்கோம். இனி நாப்பத்தஞ்சுல போனா போதும், பதினஞ்சும் நாப்பத்தஞ்சும் கூட்டுனா அறுபது, பாதி முப்பது. சரியாயிரும்லா?"

எனக்கும் சரியென்றுதான் பட்டது. பள்ளிக்கூடச் சராசரி அப்படித்தான் சொல்லும். அப்பா ஸ்டியரிங்கில் கை வைத்தபடி சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "எப்பவும் எத்தன மணிக்குப் போய்ச் சேருவோம்?"

"அஞ்சு நாப்பதுக்கு."

"இப்ப மணி என்ன?"

அண்ணன் வாயைத் திறக்கவில்லை. நானும்தான். 30-இல் போனால் முழு வழிக்கும் ஆகவேண்டிய இரண்டு மணி நாற்பது நிமிடமும் பாதி வழியிலேயே தீர்ந்துபோயிருந்தது. இனிச் சராசரி முப்பது வரவேண்டும் என்றால் மீதி 40 கிலோமீட்டரை நேரமே ஆகாமல் கடக்க வேண்டும். விமானம் கொண்டுவந்தாலும் நடக்காது.

"வேகத்தக் கூட்டிப் பாதியாக்கப்பிடாது. நேரத்தத்தான் கூட்டணும்" என்றார் அப்பா.

என் நோட்டில் அந்தக் கணக்கு இன்னும் இருக்கிறது. மீதி 40-ஐ 45-இல் போனால் 53 நிமிடம், எப்போதும்போல 30-இல் போனால் 80 நிமிடம். மழையில், இருட்டில், ஏற்றிய வண்டியை அடித்து விரட்டினால் மிச்சமாவது 27 நிமிடம். அப்போதும் மொத்தச் சராசரி 22½-தான். மெதுவாக வந்த பாதியில் நாம் அதிக நேரம் இருந்துவிடுகிறோம், அதனால் கணக்கில் அதன் கை ஓங்கிவிடுகிறது. வேகமாகப் போகும் பாதி சீக்கிரம் முடிந்துபோகிறது, அதற்குப் பேச நேரம் கிடைப்பதில்லை. மார்த்தாண்டத்துச் சாயாக்கடை வெளிச்சத்தில், மழை ஒழுகும் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து இதைக் கண்டுகொண்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பூவைப் பற்றிய கவலைக்குள்ளும் அந்தச் சிலிர்ப்பு வந்ததற்காக வெட்கப்பட்டேன்.

"27 நிமிசம் கெடைக்கும்லா அண்ணாச்சி. அதுவும் காசுதான?" என்று அண்ணன் மெல்லக் கேட்டார்.

அப்பா அவரைக் கோபிக்கவில்லை. தன்னோடு வண்டி ஓட்டிய ஒரு கூட்டாளியைப் பற்றிச் சொன்னார். ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கம், முப்பந்தல் காற்றில், விட்ட நேரத்தைப் பிடிக்க ஓட்டியவர். அன்றைய தினம் முழுக்க அவர் ஓட்டியதைக் கணக்குப் பார்த்தால் மணிக்கு முப்பதோ முப்பத்தைந்தோதான் வரும். ஆனால் லாரியின் பின்னால் போய்ச் சேர்ந்த நிமிடத்தில் முள் எண்பதில் இருந்தது. "மோதும்போது முள்ளுதான் மோதும். கல்லு வந்து நமக்காகச் சாச்சி சொல்லாது" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அவருடைய கால் அந்தக் கணக்கை அறிந்திருந்தது. அறுபதில் போகும் வண்டி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடும். கண் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அந்த 17 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்த பிறகும் வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் நாலு மடங்கு. மழைத் தண்ணீர் ரோட்டில் நின்றால் அதைவிடவும் கூடும். அவர் எட்டாம் வகுப்பு. ஆனாலும் மழையில் பாறசாலை இறக்கத்தில் முள்ளை 35-க்கு மேல் ஏறவிடாமல், முன்னால் போன சைக்கிளுக்கும் தனக்கும் இடையில் அவர் விட்ட இடைவெளி, புத்தகத்தில் நான் பிறகு படித்த அளவைவிடத் தாராளமானது.

அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம். தறிச்சத்தம் கேட்கும் நேரமாகிவிட்டது. நேமம், கரமனை. சாலையில் வண்டி நின்றபோது மணி ஏழு. 80 கிலோமீட்டர், நாலு மணி நேரம். நோட்டில் 20 என்று எழுதி அடியில் கோடு போட்டேன்.

பூவை வாங்கியவர் கடவத்துக்குள் கையை விட்டுப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் விலையைக் குறைத்தார். அன்றைய வாடகையிலும் கொஞ்சம் பிடித்துக்கொண்டார்கள். அப்பா எண்ணி வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்தார். மரம் விழுந்ததை அவர் சொல்லவே இல்லை. சொல்லியிருக்கலாம் என்று எனக்குப் பல வருடம் ஆதங்கமாக இருந்தது. அம்மாவுக்கு அந்த மாதம் மருந்துச் செலவு வேறு இருந்தது. பூக்களத்துக்கு வாங்க வந்த பெண்கள் வாடாமல்லியைக் குனிந்து குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். வாடாமல்லிக்கு மட்டும் எந்தச் சேதமும் இல்லை.

திரும்பும் வழியில் வெயில் வந்துவிட்டது. வண்டி காலி, ரோடு ஈரம் மினுங்கக் கிடந்தது. நெய்யாற்றின்கரையில் ஏத்தம்பழ பஜ்ஜியும் கட்டன் சாயாவும் வாங்கித் தந்தார். நான் நோட்டை விரித்து ஒன்றைக் கேட்டேன். "சராசரி 20-ன்னு வந்திருக்குல்லா அப்பா? அப்ப வழியில எங்கயாச்சும் முள்ளு சரியா 20-ல இருந்திருக்கணும்தான?"

அவர் சாயாவை ஆற்றிக்கொண்டே நினைத்துப் பார்த்தார். முழு வழியும் இருபதுக்கு மேலேயே ஓடியிருந்தால் சராசரி கூடியிருக்கும். கீழேயே ஓடியிருந்தால் குறைந்திருக்கும். முள்ளோ தாவுவதில்லை, நடுவில் உள்ள எண்களை எல்லாம் தொட்டுத்தான் ஏறும், இறங்கும். "இருந்திருக்கும் மக்ளே. ஒரு எடம் இல்ல, நூறு எடத்துல இருந்திருக்கும். கியர் மாத்தும்போதெல்லாம் அதத் தாண்டித்தான போகுகு." பதினொரு வயதில் சாயாக்கடை பெஞ்சில் நாங்கள் இருவரும் கண்டுபிடித்தது ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்ட ஒரு தேற்றம் என்பது எனக்குக் கல்லூரியில்தான் தெரிந்தது. இடைமதிப்புத் தேற்றம் என்று சொல்வார்கள்.

அதற்கு முன்பே பதினொன்றாம் வகுப்பில் டீச்சர் கரும்பலகையில் ஒரு வளைகோடு வரைந்து, அதன்மேல் இரண்டு புள்ளி வைத்து இணைத்தார். அந்த நேர்கோட்டின் சாய்வு சராசரி வேகம். ஒரு புள்ளியை மற்றதை நோக்கி நகர்த்திக்கொண்டே போனார். கோடு மெல்ல மெல்லத் திரும்பி, கடைசியில் வளைகோட்டை ஒரே இடத்தில் தொட்டுக்கொண்டு நின்றது. "இந்தத் தொடுகோட்டின் சாய்வுதான் கணநேர வேகம்" என்றார். எல்லோரும் நோட்டில் வரைந்தார்கள். எனக்குக் கிலோமீட்டர் கல், குட்டிக் கல், தந்திக் கம்பம் என்று வரிசையாக வந்து நின்றன. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்க வேண்டியதில்லை, இடைவெளி சுருங்கச் சுருங்க விடை எந்த எண்ணை நெருங்கிப் போய்க்கொண்டிருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதானா என்று இருந்தது. சாயங்காலம் ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "கொள்ளாம்" என்றார். எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

அவர் வண்டியை விட்டுப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. 2024-இல் நாகர்கோவிலுக்கும் சென்னைக்கும் வந்தே பாரத் விட்டபோது, 160-இல் ஓடக்கூடிய ரயில் என்று நான் செய்தியை வாசித்துக் காட்டினேன். "எத்தன மணிக்கு எடுத்து எத்தன மணிக்குச் சேருகு?" என்றுதான் உடனே கேட்டார். 700 கிலோமீட்டருக்கு மேல், ஒன்பது மணி நேரத்துக்குள் என்றதும், "அப்ப எம்பதச் சுத்தி. நல்ல ஓட்டம்தான்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

இப்போது கண்புரைக்காக அவரைத் திருவனந்தபுரத்துக்கு நான்தான் காரில் கூட்டிப்போகிறேன். அதே வழி. மார்த்தாண்டத்தில் தலைக்கு மேலே இரும்புப் பாலம் வந்துவிட்டது, பழைய சாயாக்கடை இருந்த இடம் அதன் நிழலில் கிடக்கிறது. ரோட்டின் எண்ணும் மாறிவிட்டது. போன மாதம் குழித்துறைப் பாலம் தாண்டியதும் பக்கத்துச் சீட்டிலிருந்து கேட்டார்.

"எத்தனையில போற மக்ளே?"

"நீங்க சொல்லுங்கப்பா."

அவருக்கு மீட்டர் தெரியாது, ரோடே மங்கலாகத்தான் தெரியும். வெளியே வெள்ளையாய் ஏதோ பின்னால் போவது மட்டும் தெரியும் என்பார். முழங்கால்மேல் சுட்டுவிரல் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் தட்டினார்.

"நாப்பது."

என் மீட்டரில் 43 என்று இருந்தது. நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். பிறகு வழி காட்டிக்கொண்டிருந்த போனைப் பார்த்தேன். கார் மீட்டர்கள் உள்ளதைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டக் கூடாது என்பது விதி. வானத்திலிருந்து கணக்கெடுக்கும் போனில் 40 என்று இருந்தது.

"நாப்பதுதான் அப்பா."

"மீட்டரு?"

"நாப்பத்திமூணு."

"கேபிளுக்கு எண்ண விடணும்" என்றார். விரல் தட்டுவதை நிறுத்தவில்லை. அடுத்த கல்லுக்காக எண்ணிக்கொண்டிருந்தார்.